தடித்த கோடும் மயிரிழைக் கோடும்: உயர் தடிப்பு வேறுபாட்டுக் காட்சி எழுத்துருக்களும் தமிழ் வரிவடிவமும்

ஆய்வுச்சுருக்கம்

தடித்த கோட்டையும் மயிரிழை போன்ற மெல்லிய கோட்டையும் எதிரெதிராக நிறுத்தி அழகு காட்டும் எழுத்துருக்கள், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் அச்சுக்கலையில் முழு வடிவம் பெற்றவை. இன்று நூலட்டை, இதழ்த் தலைப்பு, அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றின் வழியாக இவ்வமைப்பு தமிழ் எழுத்துருக்களிலும் இடம்பெற்று வருகிறது. இலத்தீன் எழுத்தில் எக்கோடு தடிக்கும், எக்கோடு மெலியும் என்பதை எழுதுகோலின் இயக்கம் வரையறுத்தது. தமிழ் எழுத்துக்கு அத்தகைய வரலாற்றுப் பின்புலம் இல்லை. ஆகவே இலத்தீன் முறையை அவ்வாறே தமிழுக்கு ஏற்றும்போது, ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் கோடுகளே மெலிந்து மறையும் நிலை ஏற்படுகிறது. ‘மறைமலை நகர்’ என்னும் ஊர்ப்பெயரையும் சில குற்றிணைச் சொற்களையும் மாதிரியாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. பொருள் வேறுபடுத்தும் கோடு மெலியலாகாது என்னும் நெறியை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, தடிப்பு வேறுபாடு, மயிரிழைக் கோடு, செரிஃப், புள்ளி, கால், கொம்பு, எழுத்துச் சீர்திருத்தம், மறைமலை நகர்.

1. முன்னுரை

தமிழ் எழுத்தின் வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரிதும் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றின் வரிவடிவ வளர்ச்சியையே பொருளாகக் கொண்டுள்ளன. அச்சு வந்த பின்னர் எழுத்தின் வடிவம் நிலைபெற்றுவிட்டது என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் அச்செழுத்தும், அதன் வழித்தோன்றலான கணினி எழுத்துருவும், எழுத்தின் தோற்றத்தைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே வந்துள்ளன. அம்மாற்றங்களுள் கோட்டின் தடிப்பு தொடர்பானது தனியே நோக்கத்தக்கது. எழுத்தின் எலும்புக்கூடு மாறாதிருக்க, அதன் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருவதால் வாசிப்பு எவ்வாறு மாறுகிறது என்பதே இங்கு எழும் வினா. இது அழகியல் வினா மட்டுமன்று. சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் எதிர்கொண்ட பாடச்சிக்கல்களோடு நேரடித் தொடர்புடைய வினாவுமாகும்.

2. கலைச்சொல் விளக்கம்

‘எழுத்துரு’ என்பது ஒரே வடிவநெறியில் அமைந்த எழுத்துகளின் தொகுதி. அவ்வெழுத்துகளில் மிகத் தடித்த கோட்டுக்கும் மிக மெல்லிய கோட்டுக்கும் உள்ள விகிதம் இங்குத் ‘தடிப்பு வேறுபாடு’ எனப்படுகிறது. எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் இருப்பின் வேறுபாடு குறைவு. தடித்த கோடு மெல்லிய கோட்டைப்போல் பல மடங்கு பருமனாயின் வேறுபாடு உயர்வு. அம்மெல்லிய கோட்டை ‘மயிரிழைக் கோடு’ என்பது அச்சுத்தொழில் வழக்கு.

‘செரிஃப்’ என்பது இலத்தீன் எழுத்துக் கோடுகளின் முனையில் குறுக்காக அமையும் சிறு கீற்று. உரோமில் கி.பி. 113 இல் எழுப்பப்பட்ட திராயான் தூணின் அடிப்பீடக் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்றாகக் காட்டப்படும். ‘காட்சி எழுத்துரு’ என்பது நீண்ட உரைநடைக்கு அன்றித் தலைப்பு, விளம்பரம், பலகை ஆகியவற்றுக்குப் பெரிய அளவில் பயன்படுத்தவென வரையப்பட்டது. இம்மூன்று பண்புகளும் கூடியதே உயர் தடிப்பு வேறுபாட்டுச் செரிஃப் காட்சி எழுத்துரு.

3. இலத்தீன் மரபில் தடிப்பு வேறுபாட்டின் தோற்றம்

பட்டையான முனையுடைய எழுதுகோலைச் சாய்த்துப் பிடித்து எழுதினால், கை செல்லும் திசைக்கேற்பக் கோடு தடிக்கும் அல்லது மெலியும். கூரிய நெகிழ்முனைக் கோலாயின், அழுத்தும்போது தடித்தும் அழுத்தத்தைத் தளர்த்தும்போது மெலிந்தும் வரும். முன்னதில் தடிப்பைத் திசை தீர்மானிக்கிறது. பின்னதில் அழுத்தம் தீர்மானிக்கிறது. நெதர்லாந்தின் எழுத்தியல் அறிஞர் கெரித் நோர்ட்சைய் இவ்விரண்டையும் இலத்தீன் எழுத்து வளர்ச்சியின் இரு அடிப்படைகளாகக் கொண்டார்.

1750களில் பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் வழுவழுப்பான தாளையும் கரிய மையையும் பயன்படுத்தி முன்னையோரினும் கூர்மையான எழுத்தை அச்சிட்டார். அவரைத் தொடர்ந்து பாரிசில் திதோ குடும்பத்தாரும், பார்மா நகரில் ஜாம்பத்தீஸ்தா போதோனியும் (1740–1813) அப்போக்கை அதன் எல்லைவரை கொண்டு சென்றனர். நிற்கும் கோடுகள் பருத்தன. கிடைக்கோடுகளும் முனைக் கீற்றுகளும் மயிரிழையாயின. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அச்செழுத்து வார்ப்போர் இதனை மேலும் பருக்கவைத்துச் சுவரொட்டிகளுக்குப் பயன்படுத்தினர். இன்றைய ஆடையணி இதழ்களின் தலைப்புகளில் இம்மரபே ஆட்சி செய்கிறது.

இம்மரபுக்குள்ளும் வாசிப்புச் சிக்கல் உண்டு. இலத்தீனின் ‘இ’ எனப்படும் சிறிய எழுத்தின் நடுக்கோடு கிடைக்கோடாதலால் மயிரிழையாகிறது. அது மங்கினால் அவ்வெழுத்து ‘சி’ எனப்படும் எழுத்தாகத் தோன்றும். இதனை உணர்ந்தே, ‘ஹார்ப்பர்ஸ் பசார்’ இதழுக்காக 1991 இல் ஜொனதன் ஹோஃப்லர் வரைந்த திதோ மரபு எழுத்துரு ஏழு அளவுகளுக்கு ஏழு தனி வடிவங்களைக் கொண்டிருந்தது. எழுத்து சிறுக்கச் சிறுக்க மயிரிழைக் கோடு உரிய விகிதத்தில் தடித்து, தாளில் ஒரே மெல்லிய தோற்றத்தைத் தந்தது. உயர் வேறுபாட்டு எழுத்துருவைக் கண்மூடிச் சுருக்கலாகாது என்பது அதன் பிறப்பிடத்திலேயே அறியப்பட்ட உண்மை.

4. தமிழில் கோட்டின் தடிப்பு: ஓலை முதல் அச்சு வரை

ஓலையில் எழுத்தாணி கீறியது, மை பூசவில்லை. கீறிய பள்ளத்தில் பின்னர்த் தேய்க்கப்பட்ட கரி எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் தங்கியது. ஆகவே சுவடி எழுத்து அடிப்படையில் ஒரே தடிப்புடையது. ஓலை கிழியாதிருக்கப் புள்ளி தவிர்க்கப்பட்டது என்பது பலரும் கூறும் விளக்கம். மெய்யெழுத்தும் எகர ஒகரங்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய நூன்மரபின் 15, 16 ஆம் நூற்பாக்கள் விதித்திருந்தும், சுவடிகளில் அவ்விதி பெரிதும் பின்பற்றப்படவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் நின்றன. குறில் நெடில் கொம்புகள் வேறுபடவில்லை. சுவடியைப் படித்தவர் இடமும் பொருளும் யாப்பும் நோக்கியே எழுத்தைத் துணிய வேண்டியிருந்தது.

அச்சு இந்நிலையைப் படிப்படியாக மாற்றியது. 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தை உலோகத்தில் ஏற்றியது. 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டுக்குத் தனி வடிவம் வகுத்தார். ரகரத்தின் அடியில் ஒரு சாய்கீற்று சேர்ந்து அதனைக் காலிலிருந்து பிரித்தது. புள்ளி நிலைபெற்றது. இவையனைத்தும் மிகச் சிறிய கோடுகள். ஆயினும் தமிழ் உரைநடை விரைந்து வாசிக்கப்படுவதற்கு இச்சிறு கோடுகளே அடித்தளமாயின.

அச்சில் எழுத்தின் அளவும் தொடக்கம் முதலே சிக்கலாக இருந்தது. தரங்கம்பாடிக்கென ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சீகன்பால்கு காலத்திலேயே அருகிலுள்ள பொறையாறில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்தைச் சிறிதாக்கும்போது சுழியும் புள்ளியும் அடைபடாமல் காப்பது வார்ப்போரின் முதற்கடமையாயிற்று.

19 ஆம் நூற்றாண்டில் வேறொரு தேவை எழுந்தது. சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் 1862 இல் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. தமிழ்த் தலைச்சொல்லும் ஆங்கிலப் பொருளும் ஒரே வரியில் அருகருகே நிற்கும் இத்தகைய நூலில், இரு வரிவடிவங்களின் கருமையும் தாளில் ஒத்திருக்க வேண்டும். தமிழ் எழுத்தின் தடிப்பைப் பக்கத்தில் நிற்கும் இலத்தீன் எழுத்தோடு ஒப்பிட்டு நோக்கும் பழக்கத்துக்கு இருமொழி நூல்களே களமாயின.

அச்சுக்கு வெளியே, தமிழ்க் காட்சியெழுத்தைத் தூரிகை வளர்த்தது. நாடக, திரைப்படச் சுவரொட்டிகளிலும் இதழ்த் தலைப்புகளிலும் அரசியல் சுவரெழுத்துகளிலும் பட்டைத் தூரிகை தடிப்பையும் மெலிவையும் உண்டாக்கியது. தேர்ந்த ஓவியர் தூரிகையைத் திருப்பும் இடத்தைத் தாமே தேர்ந்தார். ஒரு சுழி அடைபடும் எனக் கண்டால் அவ்விடத்தில் கோட்டை மெலிவித்தார். ஒரு கீற்று மறையும் எனக் கண்டால் அதைத் தடிப்பித்தார். எழுத்துருவில் அத்தகைய கணநேரத் தீர்ப்புக்கு இடமில்லை. ஒருமுறை வரைந்தது எல்லாச் சொல்லிலும் எல்லா அளவிலும் அவ்வாறே வரும். எனவே தீர்ப்பு முன்கூட்டியே செய்யப்பட வேண்டும்.

5. ‘செரிஃப்’ என்னும் பெயரும் தமிழ் எழுத்தின் உறுப்புகளும்

இன்று இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களுள் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ ஒன்று. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில் அது கிடைக்கிறது. அதன் பெயரில் ‘செரிஃப்’ உண்டு. எழுத்தில் உரோமானிய முனைக்கீற்று இல்லை. கோட்டின் தடிப்பு மாறி வருதலையே அப்பெயர் இங்குக் குறிக்கிறது. அதே குடும்பத்தின் இலத்தீன் செரிஃப் வடிவத்தோடு இணையாக நிற்கும் தமிழ் வடிவம் என்பதே அதன் பொருள். பயன்பாட்டு வசதிக்காக இட்ட பெயர் ஆய்வுச்சொல்லாக மாறும்போது குழப்பம் விளைகிறது. தமிழில் செரிஃப் உண்டா, இல்லையா என்னும் வாதம் பயனற்றது. தமிழ் எழுத்துக்கு உரிய உறுப்புகள் எவை என்பதே கேட்கத்தக்கது.

அவற்றுக்குத் தமிழில் பெயர்கள் முன்னரே உள்ளன: கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, மேல்விலங்கு, சுழி, புள்ளி. இவை தொடக்கப் பள்ளியில் கற்பிக்கப்படும் சொற்கள். எழுத்துரு ஆய்வுக்கு இவையே போதிய அடிப்படையைத் தருகின்றன. இலத்தீன் செரிஃப் பெரும்பாலும் அணி; அதனை நீக்கினாலும் எழுத்து மாறாது. தமிழின் சுழியும் கொம்பும் புள்ளியும் அவ்வாறல்ல. அவற்றை நீக்கினால் வேறோர் எழுத்து பிறக்கும், அல்லது எழுத்தே இல்லாமற்போகும். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

6. பொருள் வேறுபடுத்தும் கோடுகள்

ஒலியியலில் ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொற்களைக் குற்றிணைகள் என்பர். அம்முறையை வரிவடிவத்துக்கும் விரிக்கலாம். ஒரு கோட்டால் மட்டும் வேறுபடும் எழுத்துகளைத் தொகுத்தால், அக்கோடு எவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறது என்பது புலப்படும்.

முதலாவது, ரகரத்தின் அடிக்கீற்று. அக்கீற்று இல்லையேல் ரகரம் கால் ஆகும். பரல்–பால், நரகம்–நாகம், பரணி–பாணி, கரணம்–காணம், கரடி–காடி ஆகிய இணைகள் அச்சிறு கீற்றையே நம்பியுள்ளன. இரண்டாவது, ஏகாரத்தின் அடிக்கீற்று: எரி–ஏரி, எடு–ஏடு, எது–ஏது. மூன்றாவது, கொம்பின் மேற்சுழி: செடி–சேடி, கொடி–கோடி. நான்காவது, உகர ஊகார வரிசைகள். இவற்றில் 18 மெய்களுக்கும் இரண்டிரண்டாக 36 வடிவங்கள் உள்ளன. குறிலையும் நெடிலையும் பிரிப்பது பலவற்றில் ஒரு சிறு வளைவே: முடி–மூடி, சுடு–சூடு. ஐந்தாவது, சுழிகளின் எண்ணிக்கை. இரு சுழி னகரமும் முச்சுழி ணகரமும் மனம்–மணம், பனி–பணி, ஊன்–ஊண் ஆகியவற்றைப் பிரிக்கின்றன. ஆறாவது, புள்ளி. தமிழ் உரையின் எப்பகுதியை எடுத்தாலும் அதன் பொறுப்பு தெளிவு.

இனி, இலத்தீன் நெறியை அவ்வாறே ஏற்றினால் என்ன நேரும் என்று காண்போம். அந்நெறியில் நிற்கும் கோடு தடிக்கும், கிடைக்கோடு மயிரிழையாகும். தமிழில் பகரம் என்பது இரு நிற்கும் கோடுகளும் அவற்றை அடியில் இணைக்கும் ஒரு கிடைக்கோடும் ஆகும். கால் என்பது இரு நிற்கும் கோடுகளும் அவற்றை மேலே இணைக்கும் ஒரு கிடைக்கோடும் ஆகும். இவ்விரண்டையும் பிரிப்பது கிடைக்கோடு நிற்கும் இடம் மட்டுமே. அக்கோடு மங்கினால் இரண்டும் இரு தூண்களாகவே எஞ்சும். ‘பாப்பா’ என்னும் சொல் பத்துத் தூண்களும் ஒரு புள்ளியுமாகத் தோன்றும். டகரம் ஒரு தூணாக நிற்கும். மகரம், யகரம் ஆகியவற்றின் அடிக்கோடும், ககர, சகர, தகரங்களின் குறுக்குக்கோடும் இவ்வாறே வலுவிழக்கும்.

எதிர்நெறியைக் கொண்டு கிடைக்கோட்டைத் தடிப்பித்து நிற்கும் கோட்டை மெலிவித்தால் பகரமும் காலும் பிரிந்து நிற்கும். அடிக்கோடுகளால் சொல்லுக்கு ஓர் உறுதியான தளம் கிடைக்கும். ஆனால் ணகர னகரங்களில் சுழிகளை அடுத்தடுத்துப் பிரிக்கும் இறங்குகோடுகள் மெலியும். ஆகவே தமிழுக்கு ஒரே அச்சுத்திசை எல்லா எழுத்துக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது. தடிப்பின் இடத்தைத் திசை தீர்மானிப்பதைவிட, கோட்டின் பணி தீர்மானிப்பதே தமிழின் அமைப்புக்கு ஏற்றது.

7. மறைமலை நகர்: ஒரு மாதிரிப் பெயர்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த துணைநகரம் மறைமலை நகர். மறைமலையடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கியது. வேதாசலம் என்னும் தம் இயற்பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட அடிகள், 1916 இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் வாழ்ந்த பல்லாவரமும் இதே பெருவழியில்தான் உள்ளது. சொல்லின் தூய்மைக்கு உழைத்த ஒருவரின் பெயர், வரிவடிவத் தெளிவை ஆராய்வதற்கும் ஏற்ற மாதிரியாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

‘மறைமலை நகர்’ என்பதில் ஏழு எழுத்துகள் உள்ளன. கண்ணுக்குப் புலப்படும் வடிவக் கூறுகள் பத்து. ம, இணைக்கொம்பு, ற, ம, இணைக்கொம்பு, ல, ந, க, ர, புள்ளி என அவை வரிசை பெறும். இவற்றுள் மூன்று செய்திகள் ஆய்வுக்குரியன.

ஒன்று, ‘லை’ என்னும் எழுத்து. 1978 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட வடிவங்கள் அதற்கு அடிப்படையாயின. அதற்கு முன்னர் ‘லை’ என்பது லகரத்தின் மேல் துதிக்கை போன்ற வளைவு ஏறிய ஒற்றை வடிவம்; ‘றை’ மட்டும் இணைக்கொம்பு பெற்றது. பழைய அச்சில் ‘மறைமலை’ எனக் கோத்தால் ஐகாரம் இருவேறு உருவில் தோன்றும். சீர்திருத்தத்துக்குப் பின் ஒரே இணைக்கொம்பு இருமுறை வருகிறது. இதனால் எழுத்துக்கோப்பு எளிதாயிற்று. ஆனால் இருமுறை வரும் ஒரே வடிவத்தின் சுழிகள் மிகக் கரியவையாயின் பெயரின் நடுவில் இரு கறைகள் தோன்றும். மிக மெலிந்தால் பெயர் மூன்று துண்டுகளாகப் பிரியும். சீர்திருத்தம் இணைக்கொம்பின் பணியைப் பெருக்கியது. அதனால் அதன் தடிப்பைத் தீர்மானிப்பதும் முன்னினும் முதன்மை பெறுகிறது.

இரண்டு, ‘மறை’ என்பதிலுள்ள றகரம். கரை–கறை, மரம்–மறம் என ரகர றகரங்கள் பொருளை வேறுபடுத்தும். றகரத்தின் வளைவுகள் பெரியவை. கீழிறங்கும் பகுதியும் உடையது. எனவே தடிப்பு வேறுபாட்டால் அது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவு இடருக்கு உள்ளாவதில்லை என்பதற்கு இது சான்று.

மூன்று, இறுதியிலுள்ள ‘ர்’. அடிக்கீற்றும் புள்ளியும் மங்கினால் ‘நகர்’ என்பது ‘நகா’ ஆகிறது. ஒரே எழுத்தின் மேலும் கீழும் உள்ள இரு நுண்கூறுகளே ஒரு சொல்லின் பொருளைக் காத்து நிற்கின்றன. தமிழ்நாட்டின் எண்ணற்ற ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் இச்சொல்லில் முடிவதால், இது ஓர் ஊரோடு நிற்கும் சிக்கலன்று.

8. அளவும் தொலைவும்

மயிரிழைக் கோடு எங்கு மறையும் என்பதை ஓரளவு கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, ஓர் எழுத்துருவில் தடித்த கோடு எழுத்தளவில் நூற்றுக்கு 12 பங்கு எனவும், மெல்லிய கோடு அதில் எட்டிலொன்று, அதாவது 1.5 பங்கு எனவும் கொள்வோம். 48 புள்ளி அளவில் மெல்லிய கோடு 0.72 புள்ளி, தாளில் தெளிவாக விழும். 10 புள்ளி அளவில் அது 0.15 புள்ளியாகிறது. ஆஃப்செட் அச்சில் 0.25 புள்ளிக்குக் குறைந்த கோட்டைத் தவிர்ப்பது பொதுவான தொழில் வழக்கம். திரையில் 16 படவணு அளவில் அக்கோடு ஒரு படவணுவில் நாலிலொரு பங்கும் இராது. சாம்பல் நிழலாகவே தோன்றும்.

சாலைப் பலகையில் 300 மில்லிமீட்டர் அளவுள்ள எழுத்தை எடுத்துக்கொண்டால், தடித்த கோடு 36 மில்லிமீட்டர், மெல்லியது 4.5 மில்லிமீட்டர். இயல்பான கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. அக்கணக்கில் தடித்த கோடு சுமார் 124 மீட்டர் தொலைவிலும், மெல்லிய கோடு சுமார் 15 மீட்டர் தொலைவிலும் அவ்வெல்லையைத் தொடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி 124 மீட்டரைக் கடக்க 7 வினாடிக்கு மேல் ஆகும். 15 மீட்டரை ஒரு வினாடிக்குள் கடந்துவிடும். தனித்து நிற்கும் கருங்கோட்டைக் கண் இன்னும் தொலைவிலிருந்தும் உணரக்கூடுமாதலால் இது தோராயக் கணக்கே. ஆயினும் பருத்த கோட்டின் அருகில் ஒட்டி நிற்கும் மயிரிழைக்கு அச்சலுகை குறைவு. ஒரே எழுத்தின் ஒரு பகுதி ஏழு வினாடியும் மறுபகுதி ஒரு வினாடியும் புலப்படுமாயின், அவ்விடைவெளியில் வாசிப்பவர் காண்பது ‘நகர்’ அன்று, ‘நகா’.

9. பயன்பாட்டுக் களங்கள்

இக்கணக்கிலிருந்து இவ்வெழுத்துருக்களுக்கு உரிய களமும் உரியதல்லாத களமும் பெறப்படும். நூலட்டை, இதழ்த் தலைப்பு, திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயர், நிகழ்ச்சிப் பதாகையின் முதன்மை வரி ஆகியவை பெரிய அளவில், குறைந்த சொற்களில், நின்று நோக்கப்படுபவை. அங்கு மயிரிழைக் கோடு பளபளப்பையும் மிடுக்கையும் தருகிறது. தமிழுக்கு அவ்வழகை மறுப்பதற்குக் காரணமில்லை. அகராதி, பதிப்புநூலின் பாடவேறுபாடு, அரசுப் படிவம், மருந்துக் குறிப்பு, சாலைப்பலகை, தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு இவை உரியனவல்ல. மஞ்சள் தளத்தில் கருநிறத்தில் மும்மொழியில் எழுதப்படும் நிலையப் பலகைக்கு ஏறத்தாழ ஒரே தடிப்புடைய வடிவமே ஏற்றது. நீண்ட வாசிப்புக்கு, தடிப்பு மாறினாலும் மிகையாக மாறாத ‘டைரோ தமிழ்’ போன்ற உரை எழுத்துருக்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. பெர்னாண்டோ மெல்லோ, பியோனா ராஸ் ஆகியோர் அதனை வடிவமைத்துள்ளனர்.

இருமொழிப் பெயர்ப்பலகை தனியே நோக்கத்தக்கது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்னும் விகிதத்தில் அமைய வேண்டும் என்பது விதி. இவ்விதி பரப்பை அளக்கிறது, தெளிவை அளப்பதில்லை. நகை, பட்டு, உணவகம் ஆகியவற்றின் பலகைகளில் உயர் வேறுபாட்டு இலத்தீன் எழுத்துருவை முதலில் தேர்ந்து, அதன் சாயலுக்காகத் தமிழ் எழுத்தின் கோடுகளை மெலிவித்தால், தமிழ் பெரிய இடம் பெற்றும் சிறிய குரலிலேயே பேசும். விதியின் நோக்கம் நிறைவேற, பரப்போடு கோட்டின் தடிப்பும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

10. வடிவமைப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, பொருள் வேறுபடுத்தும் கோடு மயிரிழையாகலாகாது. ரகர ஏகாரங்களின் அடிக்கீற்று, கொம்பின் மேற்சுழி, பகரத்தின் அடிக்கோடு, காலின் மேற்கோடு, உகர ஊகார வளைவு ஆகியவற்றுக்கு ஒரு குறைந்த அளவுத் தடிப்பு உறுதிசெய்யப்பட வேண்டும்.

இரண்டாவது, மெலிவுக்கு இடம் தேவையாயின், நீக்கினாலும் எழுத்து மாறாத இணைப்புக் கோடுகளில் அதனை அமைக்கலாம். சுழியின் உட்புகும் நுனியும் வளைவுகள் கூடும் இடமும் இதற்கு ஏற்றவை. அவ்விடங்களில் மெலிவது சுழி அடைபடாமலும் காக்கும்.

மூன்றாவது, புள்ளி தடித்த கோட்டின் அகலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அது கோடன்று, எழுத்தின் ஒலியையே மாற்றும் உறுப்பு.

நான்காவது, ஒரே வடிவத்தை எல்லா அளவுக்கும் சுருக்காமல், குறைந்தது தலைப்புக்கு ஒன்றும் துணைத்தலைப்புக்கு ஒன்றுமாகத் தனி வடிவங்கள் தருதல் வேண்டும். தடிப்பையும் அளவையும் தொடர்ச்சியாக மாற்றவல்ல இன்றைய மாறுநிலை எழுத்துருத் தொழில்நுட்பம் இதற்கு இடமளிக்கிறது.

ஐந்தாவது, எழுத்துருவை எழுத்து வரிசையைக் கொண்டு மட்டும் சோதிக்கலாகாது. பரல்–பால், எரி–ஏரி, செடி–சேடி, முடி–மூடி, பனி–பணி, நகர்–நகா ஆகிய இணைகளைப் பயன்படும் அளவில், பயன்படும் தொலைவில் வைத்துச் சோதிக்க வேண்டும். இப்பட்டியலை விரிப்பது தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி. சொற்களஞ்சியமும் பதிப்பியல் அறிவும் அங்கேயே உள்ளன. வடிவமைப்பாளர் அவற்றை நாடிப் பெறும் நிலை உருவாக வேண்டும்.

11. முடிவுரை

சுவடியில் புள்ளியின்றியும், காலும் ரகரமும் வேறுபாடின்றியும் நின்ற பாடங்களைத் துணிய, பதிப்பாசிரியர்கள் பெரும் உழைப்பைச் செலவிட்டனர். அச்செழுத்து தந்த சிறு கீற்றுகளும் சுழிகளும் புள்ளிகளும் அவ்வுழைப்பைப் பொதுவாசகர் மேற்கொள்ளத் தேவையில்லாமற் செய்தன. தடிப்பு வேறுபாட்டின் அழகுக்காக அக்கூறுகளை மெலிவிப்பது, அச்சு தீர்த்துவைத்த ஐயத்தை மீண்டும் வாசகர்முன் வைப்பதாகும். ஓலையில் அந்நிலை கருவியின் கட்டுப்பாட்டால் நேர்ந்தது. எழுத்துருவில் அது வடிவமைப்பாளரின் தேர்வால் நேர்கிறது. தேர்வாதலால் அதனைத் தவிர்க்கவும் இயலும்.

உயர் தடிப்பு வேறுபாடு தமிழுக்கு அயலானது என்று ஒதுக்குவது இக்கட்டுரையின் கருத்தன்று. தூரிகை வல்ல ஓவியர் தமிழில் அதனைப் பல்லாண்டு கையாண்டுள்ளனர். எக்கோடு எழுத்தைச் சுமக்கிறது, எக்கோடு அதனை அணிசெய்கிறது என்பதைத் தமிழ் எழுத்தின் அமைப்பிலிருந்தே கண்டறிந்து, சுமக்கும் கோட்டை வலுவாக நிறுத்திய பின் அணிக்கோட்டை மெலிவித்தலே முறை. கால், கொம்பு, சுழி, புள்ளி என்னும் தமிழ்ப்பெயர்களைக் கலைச்சொற்களாகக் கொண்டு இத்துறையில் ஆய்வு தொடருமாயின், தமிழ்க் காட்சி எழுத்துரு தனக்கென ஓர் இலக்கணத்தைப் பெறும்.